எந்த வளைவில் நின்றது?

சேலத்தில் அஸ்தம்பட்டியையும் கோரிமேட்டையும் தாண்டிப் போனால், அதுவரை சாதுவாக வந்துகொண்டிருந்த சாலை திடீரென்று தலை நிமிர்ந்து நிற்கும். அந்த இடத்துக்கு அடிவாரம் என்றே பெயர். அங்கிருந்து ஏற்காடு போய்ச் சேருவதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள். மேலே சேர்வராயன் மலை, காப்பித் தோட்டம், ஏரி, குளிர். கீழே வெயில், சோதனைச் சாவடி, குரங்குகள், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும் வண்டிகள்.

கோடை விடுமுறையில் ஒரு நாள் அங்கே அரை மணி நேரம் நின்று வேடிக்கை பாருங்கள். ஊர் ஊராக வண்டிகள் வரும். சில ஒரே மூச்சில் ஏறிவிடும். சில மூன்றாவது வளைவிலேயே, 'என்னால் ஆகாது' என்று உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த வண்டியைச் சுற்றி நாலு பேர் கூடிவிடுவார்கள். "தண்ணீர் இருக்கிறதா, பாருங்கள்" என்பார் ஒருவர். "கிளச்சு தேய்ந்திருக்கும்" என்பார் இன்னொருவர். ஆனால், "இதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது வண்டி வாங்குங்கள்" என்று எடுத்த எடுப்பிலேயே யாரும் சொல்ல மாட்டார்கள்.

இந்த நியாயம் நம் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை?

வாசகர்களில் பலர் வீட்டில் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக் கம்ப்யூட்டர் ஒன்று மூலையில் உட்கார்ந்திருக்கும். ஒரு நாள் பிள்ளையோ பெண்ணோ வந்து, "ஒரு கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டால் போதும், எல்லாம் ஓடும்" என்று ஆசை காட்டும். கார்டு வரும். செருகுவார்கள். திரை இருண்டு போகும். அல்லது திரை வரும். ஆனால் கம்ப்யூட்டர், 'அப்படி ஒருவர் வந்திருப்பதாக எனக்குத் தகவல் இல்லையே!' என்று கையை விரிக்கும். கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால், "ரொம்பப் பழசு. ஏத்துக்காது. புதுசு வாங்கிக்குங்க" என்று தீர்ப்பாகிவிடும்.

சில சமயம் அந்தத் தீர்ப்பு சரிதான். பல சமயங்களில் அவசரத் தீர்ப்பு. வண்டி நின்றுவிட்டது என்பது தெரிகிறது. எந்த வளைவில் நின்றது என்று யாரும் பார்ப்பதில்லை. அதைப் பார்க்கும் வழியைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

ஒரு கோலமும் ஒரு தெருவும்

முதலில் இந்தக் கார்டுக்கு என்ன வேலை? கம்ப்யூட்டருக்குள் ஏற்கெனவே ஒரு மூளை இருக்கிறது. அது கெட்டிக்காரக் கணக்குப்பிள்ளை. எவ்வளவு சிக்கலான கணக்கையும் போட்டுவிடும். ஆனால் ஒரு சமயத்தில் சில கணக்குகளைத்தான் போடும்.

திரையில் தெரியும் படமோ வேறு சமாசாரம். இன்று சாதாரணமாகப் புழங்கும் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள்: 20 லட்சத்துக்கும் மேல். விநாடிக்கு 60 தடவை அத்தனை புள்ளிகளுக்கும் நிறம் தீட்ட வேண்டும். அதாவது, ஒரு விநாடியில் 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல்!

மார்கழி மாதத்தில் தெரு அடைத்துக் கோலம் போட வேண்டுமானால் என்ன செய்கிறோம்? கைதேர்ந்த ஒருத்தியை மட்டும் நம்பினால் விடிந்துவிடும். தெருவிலுள்ள பெண்கள் அத்தனை பேரும் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தால் ஒரு நொடியில் முடிந்துவிடும். கிராபிக்ஸ் கார்டு என்பது அந்தத் தெருப் பெண்கள் கூட்டம். நூற்றுக்கணக்கான சிறு சிறு வேலையாட்கள் ஒரே சமயத்தில் புள்ளி வைக்கிறார்கள். 1999-இல் என்விடியா கம்பெனி ஜீபோர்ஸ் 256 என்ற கார்டை வெளியிட்டபோது, இதற்கு 'ஜி.பி.யூ.' என்று பெயர் சூட்டிப் பிரபலப்படுத்தியது. விளையாட்டுக்காக வந்த சாமான், இன்று சினிமாவுக்கும், கட்டடப் படத்துக்கும், வைத்திய ஆராய்ச்சிக்கும், பேசும் கம்ப்யூட்டர்களுக்கும் இல்லாமல் முடியாது என்றாகிவிட்டது.

சீட்டுப் பணத்தில் வந்த கார்டு

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அடிவாரத்தில் இருக்கிறது. தகப்பனார் ஏற்காட்டுக்குச் சுற்றுலா வேன் ஓட்டுகிறவர். தாயார் வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். ஒரே பெண், கல்லூரி மாணவி. அவளுக்குப் பொம்மைப் படம் செய்வதில் பித்து.

பொம்மைப் படம் என்றதும் இலேசாக நினைத்துவிட வேண்டாம். 'பிளெண்டர்' என்று ஒரு புரோகிராம் இருக்கிறது. காசு கொடுக்காமல் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். லாட்வியா என்ற சின்னஞ்சிறு தேசத்துக்காரர் ஒருவர் அதை வைத்து 'ஃப்ளோ' என்ற படம் எடுத்தார். பூனை ஒன்றின் கதை, வசனமே கிடையாது. 2025 மார்ச்சில் அந்தப் படம் சிறந்த சித்திரப் படத்துக்கான ஆஸ்கார் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. அடிவாரத்துப் பெண்ணுக்கு ஆசை வராமல் இருக்குமா? வேலைக்கு மனுப் போட வேண்டுமானாலும், தான் செய்த நாலு படங்களை அவள் காட்டியாக வேண்டும்.

வீட்டில் இருந்த கம்ப்யூட்டரோ 2012-இல் வாங்கியது. இன்டெல் கம்பெனியின் இரண்டாம் தலைமுறை ஐ3. கணக்குப்பிள்ளை இன்னும் திடமாகத்தான் இருந்தார். ஆனால் பிளெண்டரின் 4.0 பதிப்பு 2023 நவம்பரில் வந்தபோது, 'ஓப்பன்ஜிஎல் 4.3' என்ற படமொழி தெரிந்திருந்தால்தான் உள்ளே வரலாம் என்று விதித்துவிட்டது. அந்த ஐ3-க்குள் கூடவே பிறந்த படம் வரையும் பகுதிக்கு விண்டோஸில் 3.1 வரைதான் தெரியும். ஆகவே, கதவைத் தட்டும் முன்பே கதவு சாத்திக்கொண்டது.

தாயார் சீட்டுக் கட்டியிருந்தார். சீட்டு எடுத்த பணத்தில் ரூ. 4,500 கொடுத்து, 'ஜி.டி.எக்ஸ். 1050 டி.ஐ.' என்ற கார்டு ஒன்றைப் பெண் பழைய சாமானாக வாங்கினாள். செருகினாள். திரை இருட்டு. டவுனில் ஒரு கடைக்கு எடுத்துப் போனார்கள். "போர்டு சரியில்லை, புதுசாகப் போட வேண்டும்" என்று சொல்லி, ரூ. 35,000-க்கு ஒரு பட்டியல் எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள்.

நான் போயிருந்தபோது பட்டியல் மேசைமேல் இருந்தது. யாரும் அதைத் தொடவில்லை. தாயார் தையல் மெஷினைவிட்டு எழுந்திருக்கவில்லை. தகப்பனார்தான் பேசினார்.

"வண்டி மலை ஏறலைன்னா எஞ்சினை மாத்துன்னு சொல்லுவாங்களாங்க? எங்க நின்னுச்சுன்னு பாக்க வேண்டாமா? நீங்க கொஞ்சம் பாருங்க, சார்."

அவருக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். ஐந்து வளைவுகள் இருக்கின்றன. ஒன்றன்பின் ஒன்றாகப் பார்ப்போம்.

முதல் வளைவு: கம்பி

சிரிக்காதீர்கள். திரை இருண்டு போவதற்கு மிகச் சாதாரணமான காரணம், திரையின் கம்பி பழைய இடத்திலேயே செருகியிருப்பதுதான். கார்டு வந்த பிறகு, கம்பியைக் கம்ப்யூட்டரின் பழைய துளையிலிருந்து எடுத்துக் கார்டின் துளையில் செருக வேண்டும். புது வேலைக்காரனுக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு, பழைய வேலைக்காரன் வீட்டு வாசலில் போய் நின்றால் யார் வருவார்கள்?

இதில் இன்னொரு சங்கடம். பழைய திரைகளில் நீல நிறத்தில் 15 ஊசிகள் உள்ள வி.ஜி.ஏ. கம்பி இருக்கும். ஐ.பி.எம். கம்பெனி 1987-இல் கொண்டுவந்த வழக்கம் அது. 1050 டி.ஐ. போன்ற கார்டுகளுக்கு அந்தப் பழைய பாஷை அடியோடு தெரியாது. எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் போன்ற புது பாஷைகள்தான் தெரியும். ஆகவே, பாஷையை மாற்றிச் சொல்லும் சில்லு உள்ள மாற்றி ஒன்று நடுவில் வேண்டும். வெறும் கம்பியை மட்டும் ஒட்டவைத்த மாற்றி பிரயோஜனப்படாது.

நம் பெண் கெட்டிக்காரி. மாற்றி முறையாக வாங்கியிருந்தாள், கார்டில்தான் செருகியிருந்தாள். வண்டி முதல் வளைவைத் தாண்டிவிட்டது.

இரண்டாம் வளைவு: இடம்

கார்டு செருகும் பள்ளம் எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஒன்றல்ல. 1997-இலிருந்து சில வருஷங்கள் ஏ.ஜி.பி. என்ற பள்ளம் ஆட்சி செய்தது. 2004-இல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்து அதை ஒழித்துக் கட்டியது. ஏ.ஜி.பி. பள்ளத்தில் இன்றைய கார்டு நுழையவே நுழையாது. அங்கே பிரயத்தனம் வேண்டாம். ஆனால் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் குடும்பத்தில் ஓர் உயர்ந்த குணம் உண்டு. பேரன் தலைமுறைக் கார்டைத் தாத்தா தலைமுறைப் பள்ளத்தில் செருகினாலும், இருவரும் சேர்ந்து போகும் வேகத்தில் நடந்துகொள்வார்கள். வேகம் சற்றுக் குறையும், அவ்வளவுதான்.

செருகும் முறையில் ஜாக்கிரதை வேண்டும். மின்சாரக் கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். பெட்டியின் வெறும் இரும்புப் பகுதியை ஒரு தடவை தொட்டு, உடம்பிலுள்ள மின்சாரத்தை இறக்கிவிட்டுப் பிறகு கார்டைத் தொடுங்கள். பள்ளத்தின் ஓரத்திலுள்ள கொக்கி 'டிக்' என்று பிடித்துக்கொள்ளும்வரை நேராக அழுத்துங்கள். பழைய கார்டானால், அடியிலுள்ள தங்க நிறப் பற்களில் அழுக்கு ஏறியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளை பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிடுங்கள். ஐந்து ரூபாய் ரப்பர் ஐயாயிரம் ரூபாய்க் கார்டைப் பிழைக்க வைத்த கதை ஏராளம்.

துடைத்தோம், செருகினோம், கொக்கி பிடித்தது. இருட்டு நீங்கவில்லை.

மூன்றாம் வளைவு: தீனி

கார்டு சும்மா வேலை செய்யாது. தீனி கேட்கும். பள்ளத்தின் வழியாக அதிகபட்சம் 75 வாட் மின்சாரம் கிடைக்கும். அதற்கு மேல் கேட்கும் கார்டுகளின் தலையில் தனியாக ஒரு செருகி இருக்கும். ஆறு ஊசிச் செருகி இன்னொரு 75 வாட் தரும். எட்டு ஊசிச் செருகி 150 வாட் தரும். அந்தச் செருகியைச் செருகாமல் விட்டால் கார்டு பட்டினி கிடக்கும், திரை இருண்டு கிடக்கும்.

'பெட்டிமேல் 450 வாட் என்று எழுதியிருக்கிறதே' என்பீர்கள். எழுதியிருப்பதெல்லாம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். பெயர் தெரியாத மலிவுப் பவர் சப்ளையில் எழுத்து பெரியதாக இருக்கும், சக்தி சிறியதாக இருக்கும். கையில் தூக்கினால் பஞ்சு மாதிரி இருந்தால் சந்தேகப்படுங்கள்.

தமிழ்நாட்டு வீடுகளில் மேலும் ஒன்றைப் பார்க்க வேண்டும். மின்வெட்டுக்காக வாங்கிய யூ.பி.எஸ். பெட்டி. சாதாரண 600 வி.ஏ. பெட்டி ஏறக்குறைய 360 வாட்தான் தாங்கும். அதில் கம்ப்யூட்டர், திரை, இத்தனையோடு பெரிய கார்டும் சேர்ந்தால், மின்சாரம் போன மாத்திரத்தில் பெட்டி கூச்சல் போட்டுவிட்டுப் படுத்துவிடும். பழியோ கார்டின்மேல் விழும்.

1050 டி.ஐ. அடக்கமான கார்டு. 75 வாட்டுக்குள் குடித்தனம் நடத்தும். அவள் வாங்கியதில் தனிச் செருகியே கிடையாது. கார்டின் விசிறி சுழன்றது. தீனி போகிறது என்று தெரிந்தது. ஆனால் கம்ப்யூட்டர் 'பீப்' என்று கத்தியது.

இந்தக் கத்தலை அலட்சியம் செய்யாதீர்கள். வாயில்லாப் பிராணியின் பாஷை அது. கம்பெனிக்குக் கம்பெனி இலக்கணம் மாறும். 'அவார்ட்' என்ற முறையில் ஒரு நெடில், இரண்டு குறில் ஒலித்தால் படம் காட்டும் பகுதியில் தகராறு என்று அர்த்தம். உங்கள் கம்ப்யூட்டரின் கையேட்டில் நெடில், குறில் விளக்கம் இருக்கும்.

இங்கே ஒரு முக்கியமான சோதனை. சந்தேகப்பட்ட சாமானை வேறு இடத்தில் வைத்துப் பாருங்கள். பெண்ணின் சிநேகிதி வீட்டில் சற்றுப் புதிய கம்ப்யூட்டர் இருந்தது. அதில் கார்டைச் செருகினோம். படம் பளிச்சென்று வந்தது! கார்டு உயிரோடு இருக்கிறது. கார்டை எடுத்துவிட்டால் பழைய கம்ப்யூட்டரும் ஓடுகிறது. இரண்டு பேரும் நல்லவர்கள். இருவருக்கும் நடுவில் பேச்சுவார்த்தை இல்லை. குடும்பங்களில் நடக்கிற விஷயந்தானே!

ரூ. 35,000 பட்டியலுக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

நான்காம் வளைவு: சோதனைச் சாவடி

கம்ப்யூட்டரை முடுக்கியதும், விண்டோஸ் எழுந்திருப்பதற்கு முன்பே ஒரு சிறு காவலாளி எழுந்துவிடுகிறான். பயாஸ் என்பது அவன் பெயர். மதர்போர்டில் உள்ள சில்லு ஒன்றில் குடியிருக்கிறான். யார் யார் வந்திருக்கிறார்கள் என்று ஆஜர் எடுத்து, எல்லோரும் சரி என்றால்தான் மேலே அனுப்புவான். அடிவாரத்துச் சோதனைச் சாவடி மாதிரி.

2012-இல் விண்டோஸ் 8 வந்த காலத்தை ஒட்டி, யூ.இ.எஃப்.ஐ. என்ற புது முறைக் காவலாளிகள் பரவலாக வந்து சேர்ந்தார்கள். கார்டுகளும் அந்தப் புது முறைக்கு ஏற்ற அறிமுகச் சீட்டோடு வரத் தொடங்கின. பழைய காவலாளிகளில் சிலருக்குப் புதுக் கார்டின் சீட்டைப் படிக்கத் தெரியாது. அதேபோல், புத்தம் புதுக் கம்ப்யூட்டரில் மிகப் பழைய கார்டைச் செருகினால், அங்குள்ள காவலாளி பழைய சீட்டை ஒப்புக்கொள்ள மறுப்பதும் உண்டு.

இந்த வளைவில் செய்யக்கூடியவை மூன்று. முதலாவது, பயாஸ் அமைப்புக்குள் போய், 'முதலில் எந்தப் படப்பகுதி?' என்ற கேள்விக்குப் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் என்று பதில் வைப்பது. இரண்டாவது, போர்டிலுள்ள சிறு நாணய பாட்டரியைக் கழற்றிச் சற்று நேரம் பொறுத்து மாட்டி, காவலாளியின் பழைய ஞாபகங்களை அழிப்பது. வருஷக்கணக்கான அந்தப் பாட்டரி தீர்ந்திருந்தால் புதிதாகப் போட்டுவிடுங்கள், விலை சொற்பம். மூன்றாவது, காவலாளிக்கே புதுப் பாடம் சொல்லிக் கொடுப்பது. அதாவது, கம்ப்யூட்டர் செய்த கம்பெனி பின்னாளில் வெளியிட்ட புதுப் பயாஸை ஏற்றுவது.

முதல் இரண்டும் நம் கம்ப்யூட்டரில் பலிக்கவில்லை. கம்பெனியின் பக்கத்தில் தேடினோம். அதே மாடலுக்கு, அதிலிருந்த பயாஸுக்குப் பின்னால் வந்த பதிப்பு ஒன்று இருந்தது.

இப்போதுதான் பயம் வந்தது. பயாஸ் ஏற்றுவது சில நிமிஷ வேலைதான். ஆனால் அந்தச் சில நிமிஷங்களில் மின்சாரம் போய்விட்டால், பாதிப் பாடம் படித்த காவலாளி ஒன்றும் தெரியாதவனாகிவிடுவான். கம்ப்யூட்டர் எழுந்திருக்கவே எழுந்திருக்காது. அதுவரை ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரும் போய்விடும். அதனால்தான், அவசியம் இல்லாமல் பயாஸில் கை வைக்கக் கூடாது என்பது.

2025-ஆம் வருஷத்துக் கோடை அது. பிற்பகலில் சேர்வராயன் மலைமேல் மேகம் திரண்டு, இடி உருண்டுகொண்டிருந்தது. அடிவாரத்தில் கோடை இடி என்றால் மின்சாரம் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. யூ.பி.எஸ். பெட்டி இருந்தது, ஆனால் பாட்டரி பழசு.

"இப்பவே செஞ்சிடலாமா, மாமா?" என்றாள் பெண்.

"வேண்டாம், கண்ணு. மழைக்கு முன்னாடி யாரும் மலை ஏத்த மாட்டாங்க" என்றார் தகப்பனார்.

காத்திருந்தோம். மழை கொட்டியது. எதிர்பார்த்தபடி மின்சாரம் போயிற்று. ஒரு மணி நேரம் கழித்து வந்தது. யூ.பி.எஸ். முழுக்க ஏறட்டும் என்று இரவு ஒன்பது மணிவரை பொறுத்தோம். கார்டைக் கழற்றி வைத்துவிட்டு, போர்டின் சொந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஏற்ற ஆரம்பித்தாள். திரையில் ஒரு கோடு ஊர்ந்தது. அந்த வீட்டில் யாரும் பேசவில்லை. தையல் மெஷின்கூட நின்றுவிட்டது. கோடு முடிந்தது, கம்ப்யூட்டர் தானாக அணைந்து தானாக எழுந்தது.

கார்டைச் செருகினோம். ஒரே ஒரு குறில் ஒலித்தது. சோதனைச் சாவடி திறந்துவிட்டது!

ஐந்தாம் வளைவு: டிரைவர்

படம் வந்தது, ஆனால் எல்லாம் பெரிது பெரிதாக, கரடுமுரடாக இருந்தது. 'டிவைஸ் மேனேஜர்' என்ற பட்டியலைத் திறந்தால், கார்டின் பெயருக்குப் பதிலாக 'மைக்ரோசாப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று பொதுப் பெயர் இருந்தது. விருந்தாளி வந்திருக்கிறார், பெயர் தெரியாது, திண்ணையில் உட்கார வைத்திருக்கிறோம் என்று இதற்கு அர்த்தம்.

பெயர் சொல்லி அழைப்பதற்கு 'டிரைவர்' என்ற புரோகிராம் வேண்டும். இதைக் கேட்டுத் தகப்பனாருக்குப் பரம சந்தோஷம். "டிரைவர் இல்லாம வண்டி எப்படிங்க ஓடும்?" என்றார்.

டிரைவரை எப்போதும் கார்டின் சில்லைச் செய்த கம்பெனியின் பக்கத்திலிருந்தே எடுங்கள். கண்ட இடத்தில் எடுத்தால் திருடனும் கூடவே ஏறிக்கொள்வான். விண்டோஸ் 32 பிட்டா, 64 பிட்டா என்று பாருங்கள். என்விடியா 32 பிட் விண்டோஸுக்குப் புது டிரைவர் செய்வதை 2018-இலேயே நிறுத்திவிட்டது. முன்பு வேறு கார்டு இருந்திருந்தால், அதன் டிரைவரை முதலில் விலக்குங்கள். ஒரே ஆசனத்தில் இரண்டு டிரைவர் உட்கார முடியாது. லினக்ஸ் வைத்திருப்பவர்கள் 'எல்எஸ்பிசிஐ' என்ற கட்டளையைத் தட்டினால், டிரைவர் இல்லாத நிலையிலும் கார்டு பள்ளத்தில் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். அங்கே பெயர் தெரிந்தால், கார்டைக் கம்ப்யூட்டர் கண்டுகொண்டுவிட்டது என்று அர்த்தம்.

நம் வீட்டில் விண்டோஸ் 10, 64 பிட். டிரைவர் ஏறியது. திரை ஒரு விநாடி கண் சிமிட்டிவிட்டுத் துல்லியமாகத் திறந்தது. பட்டியலில் கார்டின் முழுப் பெயர். பெண் பிளெண்டரைத் தட்டினாள். கதவு திறந்து, நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டி தெரிந்தது. பிளெண்டரைத் திறந்த எவருக்கும் முதலில் தரிசனம் தருவது அந்தக் கட்டிதான்.

"இதுக்கா இத்தனை பாடு?" என்றார் தாயார்.

"இதிலிருந்துதாம்மா எல்லாம் செய்யணும்" என்றாள் பெண்.

தாயார் பட்டியலை எடுத்து நான்காக மடித்து, ஆடிய மேசைக்கால் அடியில் வைத்தார்.

ஆள் மாறாட்டம்

ஐந்து வளைவுகளும் சரியாக இருந்தும், டிரைவர் ஏற்றியதும் 'கோட் 43' என்ற எண்ணோடு மஞ்சள் முக்கோணம் தோன்றுவது உண்டு. கார்டு கெட்டிருக்கலாம், டிரைவர் பொருந்தாமல் இருக்கலாம், கார்டே போலியாகவும் இருக்கலாம்.

ஆம், போலி! பழைய மலிவுக் கார்டு ஒன்றின் உள்ளே இருக்கும் அறிமுகச் சீட்டைத் திருத்தி, 1050 டி.ஐ. என்று பெயர் எழுதி விற்கிறார்கள். உலகமெங்கும் இந்த மோசடி பரவியதால், 'ஜி.பி.யூ.-இசட்' என்ற இலவசப் புரோகிராம் 2018 முதல் இப்படிப்பட்ட கார்டுகள் பலவற்றைக் கண்டுபிடித்துச் சொல்கிறது. புரோகிராம் இல்லாமலும் ஓர் அடையாளம் உண்டு. 1050 டி.ஐ.-க்கு வி.ஜி.ஏ. பாஷை தெரியாது என்று முதல் வளைவில் சொன்னேன் அல்லவா? அந்தப் பெயரோடு வரும் கார்டின் முதுகில் நீலத் துளை இருந்தால் உஷாராகிவிடுங்கள். பழைய கார்டு வாங்குகிறவர்கள் பணம் கொடுக்குமுன் வேறொரு கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. பசு மாடு வாங்குகிறவன் கறந்து பார்க்காமலா வாங்குகிறான்?

ஏறாத வண்டியும் உண்டு

எல்லாப் பழைய கம்ப்யூட்டரையும் பிழைக்க வைத்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. ஏ.ஜி.பி. காலத்து யந்திரத்தை விட்டுவிடுங்கள். பவர் சப்ளை, ராம், கார்டு மூன்றையும் மாற்ற வேண்டியிருந்தால், கணக்குப் போட்டுப் பாருங்கள்; புதிதின் விலையில் பாதிக்கு மேல் வந்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். மடிக்கணினியைக் கொண்டுவந்து கார்டு செருகச் சொன்னால், பெரும்பாலானவற்றில் அதற்கு இடமே கிடையாது. தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகள் லட்சக்கணக்கான வீடுகளுக்குப் போயின, அவையும் அப்படித்தான். ஒரு கார்டைப் பிற்பாடு சேர்த்துக்கொள்ளும் சௌகரியம் மேசைக் கம்ப்யூட்டரின் தனிச் சொத்து.

பிழைத்த யந்திரத்துக்கும் ஆயுள் கணக்கு உண்டு. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்டின் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. இரண்டாம் தலைமுறை ஐ3-ஐ விண்டோஸ் 11 முறைப்படி ஏற்றுக்கொள்ளாது. 1050 டி.ஐ. வகைக் கார்டுகளுக்கு முழு டிரைவர் வெளியீடு 2025 அக்டோபரோடு நின்று, பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 அக்டோபர் வரை வரும் என்று என்விடியா அறிவித்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஓட்ட விரும்புகிறவர்கள் லினக்ஸ் பக்கம் போகலாம். ஒரு பெண் தன் முதல் நாலு படங்களைச் செய்து வேலை தேடிக்கொள்ள இந்த அவகாசம் தாராளம். பிறகு அவள் சம்பளத்தில் அவள் புதியது வாங்கிக்கொள்ளட்டுமே!

ஆகவே, அடுத்த தடவை உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர், 'இவரை எனக்குத் தெரியாது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டால், பணப்பையைத் திறக்குமுன் ஒரு காகிதத்தில் ஐந்து சொற்களை எழுதிக்கொள்ளுங்கள்: கம்பி, இடம், தீனி, பயாஸ், டிரைவர். வரிசை மாறாமல் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டை மாற்றினால் எது குணப்படுத்தியது என்று தெரியாமல் போய்விடும். பயாஸ் வரையில் போக நேர்ந்தால், வானத்தையும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துக்கொள்ளுங்கள்.